ஏறிய கியரிலேயே இறங்குக

மலைநாட்டிற்குப் பிரயாணம் செய்கிறவர்களின் மனத்தில் இரண்டு ஆசைகள் இருப்பதுண்டு. மலையை ஆற அமரப் பார்க்க வேண்டும் என்பது ஒன்று. பொழுது சாயுமுன் நுவரெலியாவை அடைந்து சூடான தேநீர் அருந்த வேண்டும் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பகையானவை என்பதை அட்டன் நகரத்தில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் பந்தய வீரரிடம் நாம் கற்றுக்கொண்டோம். அவர் கூறியவற்றை வாசகர்களுக்கு, விசேஷமாக மோட்டார் சைக்கிள் வாங்கித் தரும்படி தந்தையரை நச்சரித்துக் கொண்டிருக்கும் மாணவ நண்பர்களுக்கு, எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

2024ஆம் ஆண்டு மாசி மாதம். நாமும் இல்லாளும் பிள்ளைகள் இருவருமாக ஒரு வாடகை வானில் கொழும்பிலிருந்து புறப்பட்டோம். அவிசாவளையைக் கடந்து கித்துல்கலையில் களனி கங்கையைப் பார்த்தோம். 1957இல் வெளியான 'குவாய் நதிப் பாலம்' என்ற ஆங்கிலப் படத்திற்குப் பாலம் கட்டப்பட்ட இடம் இதுதான் என்று மூத்த மகனுக்குச் சொன்னோம். அவன் கைப்பேசியிலிருந்து தலையை உயர்த்தாமலே, "அப்படியா?" என்றான். கினிகத்தேனைக்கு ஏறியபோது குளிர்காற்று வீசத் தொடங்கிற்று. வட்டவளையில் தேயிலை தோன்றியது. பச்சைக் கம்பளம் விரித்தாற்போல என்று பலரும் எழுதிப் பழகிய காட்சிதான். ஆயினும் நேரில் காணும்போது அந்தப் பழைய உவமையும் புதிதாகவே படுகிறது.

எமது சாரதி இருபத்து நான்கு வயது இளைஞர். மரியாதையும் சுறுசுறுப்பும் உடையவர். இறக்கம் வரும்போதெல்லாம் அவர் கியரைக் கழற்றி நியூட்ரலில் விட்டு வண்டியை வழுக்கவிட்டார். காரணம் கேட்டோம். "2022இலே பெற்றோலுக்கும் டீசலுக்கும் வரிசையிலே நின்றோமே, ஐயா, அப்போது வந்த பழக்கம். ஒரு சொட்டுக்கூட வீணாக்கக் கூடாது" என்றார். நாட்டின் துன்பத்திலிருந்து இளைஞர் ஒருவர் சிக்கனம் கற்றுக்கொண்டாரே என்று எமக்கு மகிழ்ச்சி உண்டாயிற்று. அட்டனை நெருங்கியபோது எதோ கருகும் மணம் மூக்கைத் துளைத்தது. மகிழ்ச்சி அத்துடன் அகன்றது.

கராஜில் கண்ட மனிதர்

கடைத்தெருவிற்குச் சற்று அப்பால் ஒரு சிறிய கராஜ். தகரக் கூரை, அதன் கீழ் ஐந்தாறு மோட்டார் சைக்கிள்கள், சுவரில் எண்ணெய்ப் புகை படிந்த புகைப்படம் ஒன்று. அதில் ஓர் இளைஞர் தேயிலைச் செடிகளின் ஓரமாக, முழங்கால் தரையைத் தொடுமோ என்று அஞ்சும்படி சாய்ந்து, வளைவொன்றைக் கடந்து கொண்டிருந்தார். கராஜின் உரிமையாளர் எழுபது வயதை எட்டியவர். தம் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், ஆகவே எழுதவில்லை.

அவர் வானின் சில்லருகே குந்தியிருந்து முகர்ந்து பார்த்தார். தொடவில்லை. "தம்பி, இறக்கத்திலே கியரிலே வந்தீர்களா, சும்மா விட்டீர்களா?" என்று கேட்டார். சாரதி தலையைச் சொறிந்தார்.

"ஏறும்போது எந்தக் கியர் தேவைப்படுகிறதோ, அதே கியரிலேதான் இறங்க வேண்டும். இது என் அப்பா லொறி ஓட்டிய காலத்துப் பாடம். கியரிலே இருந்தால் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். கழற்றிவிட்டால் முழுப் பாரமும் பிரேக்கின் தலையிலே விழும். பிரேக் சூடேறும், சூடேறிய பிரேக்கிற்குப் பிடி குறையும். பிரேக் எண்ணெய் கொதித்துவிட்டால் மிதி தரையோடு போய்விடும். அப்போது கடவுளைக் கூப்பிட்டாலும் அவர் வந்து சேருவதற்குள் பள்ளம் வந்துவிடும்."

"டீசல் மிச்சமாகுமே, ஐயா?" என்றார் சாரதி.

முதியவர் சிரித்தார். "அதுவும் இல்லை. இந்தக் காலத்து எஞ்சின், கியரிலே இறங்கும்போது எரிபொருளைத் தானே நிறுத்திக்கொள்ளும். உருளுகிற சில்லே எஞ்சினைச் சுற்றும். நியூட்ரலிலே விட்டால்தான் அது அணையாமல் இருக்க எரிபொருள் குடிக்கும். நீங்கள் மிச்சம் பிடிக்கவில்லை, தம்பி. உயிரையும் டீசலையும் சேர்த்தே செலவழித்திருக்கிறீர்கள்."

எமது இல்லாள் பிள்ளைகளைத் தம் பக்கம் இழுத்து அணைத்துக்கொண்டார். பிரேக் ஆறும் வரை காத்திருக்க வேண்டும் என்றார் முதியவர். தேநீர் வந்தது. புகைப்படத்தைக் காட்டி, "இது தாங்களா?" என்று கேட்டோம். சம்பாஷணை தொடங்கிற்று.

துரைமாரின் விளையாட்டு

மலைநாட்டில் மோட்டார்ப் பந்தயம் புதிதன்று. நுவரெலியாவிற்கு அருகே மாகாஸ்தோட்டைத் தேயிலைத் தோட்டத்து வீதியில் 1934ஆம் ஆண்டிலேயே மலையேற்றப் பந்தயம் நடந்திருக்கிறது. சித்திரை மாதத்து வசந்த காலக் கொண்டாட்டங்களின் ஓர் அங்கமாக அது இடம்பெற்றது. நானுஓயாவிற்கு அருகேயுள்ள ரதல்லையிலும் அவ்வாறே. வட்டமான பந்தயத் தடத்தில் பலர் ஒருங்கே பாய்வது போன்றதன்று மலையேற்றம். ஒருவர் பின் ஒருவராகத் தனித்தனியே ஏற வேண்டும். எதிரி கடிகாரம் ஒன்றே. வெற்றியும் தோல்வியும் விநாடியின் பின்னங்களால் தீர்மானிக்கப்படும்.

"அது துரைமாரின் விளையாட்டு" என்றார் அவர். "எங்கள் அப்பாவுக்குத் தோட்டத்து லொறி. நான் தேயிலைத் தொழிற்சாலையில் எண்ணெய் போடுகிற பையன். துரை ஒருவர் பந்தயத்துக்கு மோட்டார் சைக்கிள் வைத்திருந்தார். அதைத் துடைக்கப் போனவன், பிறகு திருத்தினேன். ஒரு நாள் அவருக்குக் காய்ச்சல், நான் ஓட்டினேன்."

1970ஆம் ஆண்டு முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடுகள் கடுமையாக இருந்த காலம் அது. புதிய உதிரிப்பாகங்கள் அருமை. உடைந்த பாகத்தை வாளால் அறுத்து, அரத்தால் ராவி, தொழிற்சாலைப் பட்டறையிலேயே செய்து பொருத்தினாராம். கொழும்புக்குத் தெற்கே கட்டுக்குருந்தை விமான ஓடுபாதையில் நடந்த பந்தயங்களிலும் ஓடியிருக்கிறார். சென்னைக்கு அருகே சோழவரத்தில், அதுவும் ஒரு பழைய விமான ஓடுபாதையே, தமிழர்கள் பந்தயம் ஓடிய செய்திகளைப் பத்திரிகையில் வாசித்துக் கத்தரித்து வைத்திருந்தாராம்.

"அந்தப் பஞ்ச காலம் ஒரு நல்ல பாடத்தைத் தந்தது. என்னிடம் இருந்த யந்திரத்தின் ஒவ்வோர் ஆணியும் எனக்குத் தெரியும். இன்றைய பையன்களின் வண்டி என் வண்டியைவிட ஆயிரம் மடங்கு மேல். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதன் உள்ளே என்ன நடக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. தெரியாத யந்திரத்தின் மேலே ஏறி உட்கார்ந்தவன் அதற்கு எசமான் இல்லை, ஐயா. அவன் அதன் மூட்டை."

மன்னிக்கும் கருவியும் மன்னிக்காத மலையும்

அவர் நவீன விஞ்ஞானத்தின் எதிரி என்று வாசகர்கள் எண்ணிவிடக் கூடாது. சில்லு பூட்டிக்கொண்டு சறுக்காமல் தடுக்கும் 'ஏபிஎஸ்' பிரேக்கை அவர் வாயாரப் புகழ்ந்தார். சில்லின் சுழற்சியைக் கணந்தோறும் கவனித்து, அது நின்றுவிடும் தறுவாயில் பிடியைத் தளர்த்தி, மறுபடி பிடிக்கும் கருவி அது. "மழையிலே நனைந்த வீதியில் என் விரல்கள் செய்ய வேண்டிய வேலையை அது என்னைவிடத் திறமையாகச் செய்கிறது. ஆனால் அது தவறை மன்னிக்கிற கருவி. தவறு செய்ய உரிமை கொடுக்கிற கருவி இல்லை. பையன்கள் இதை மாற்றி விளங்கிக்கொள்கிறார்கள்."

தலைக்கவசத்தைப் பற்றி எமக்கும் ஒரு செய்தி தெரிந்திருந்தது. அதை அவருக்குச் சொன்னோம். அரேபியாவின் லோறன்ஸ் என்று புகழ்பெற்ற ஆங்கிலேயர் 1935இல் இங்கிலாந்தில் மோட்டார் சைக்கிளில் சென்றபோது, சைக்கிளில் வந்த சிறுவர் இருவரைத் தவிர்க்க முயன்று தூக்கியெறியப்பட்டார். தலையில் அடிபட்டு ஆறாம் நாள் உயிர் நீத்தார். அவருக்குச் சிகிச்சை செய்தவர்களுள் ஹியூ கெயர்ன்ஸ் என்ற இளம் மூளைச் சத்திரசிகிச்சை நிபுணரும் ஒருவர். இத்தகைய மரணங்கள் தவிர்க்கக்கூடியவை அல்லவா என்ற எண்ணம் அவரை விடவில்லை. யுத்த காலத்தில் மோட்டார் சைக்கிளில் சென்று அடிபட்ட படைவீரர்களை ஆராய்ந்து 1941இல் அவர் எழுதிய கட்டுரை, படையினர் தலைக்கவசம் அணிவதற்கு வழிசெய்தது.

முதியவர் சற்று நேரம் பேசாதிருந்தார். "எத்தனையோ பேருடைய தலையை ஒரு மனிதரின் சாவு காப்பாற்றியிருக்கிறது. இங்கே பையன்கள் அதைக் கையிலே மாட்டிக்கொண்டு போகிறார்கள், முழங்கைக்கு மூளை இருப்பதுபோல!" என்றார்.

பிறகு அவரே தம் இளமைக் கால நாயகரைப் பற்றிச் சொன்னார். ஒன்பது முறை உலகப் பட்டம் வென்ற மைக் ஹெயில்வுட். 1973இல் தென்னாபிரிக்காவில் மோட்டார் கார்ப் பந்தயத்தின்போது, தீப்பற்றிய காரிலிருந்து சக போட்டியாளர் ஒருவரை இழுத்துக் காப்பாற்றியவர். பந்தயத் தடங்களில் அத்தனை ஆண்டுகள் மரணத்தோடு விளையாடிய அவர், 1981இல் பிள்ளைகளுடன் இரவு உணவு வாங்கக் காரில் சென்றபோது, திரும்பக் கூடாத இடத்தில் திரும்பிய ஒரு லொறியில் மோதி மகளுடன் மாண்டார்.

"பந்தயத் தடத்திலே அவரைக் கொல்ல முடியாத வேகம் கடைக்குப் போகிற வீதியிலே கொன்றது. ஏன் தெரியுமா, ஐயா? பந்தயத்திலே ஓடுகிறவன் ஒரு கடதாசியிலே கையெழுத்து வைக்கிறான். விழுந்தால் விழுந்தேன் என்று சம்மதிக்கிறான். வீதியை மூடுகிறார்கள், அம்புலன்ஸ் நிற்கிறது, கொடி பிடிக்கிறவன் நிற்கிறான். சாதாரண வீதியிலே எவரும் கையெழுத்து வைக்கவில்லை. பாடசாலை விட்டு வருகிற பிள்ளை வைக்கவில்லை. கொழுந்துக் கூடையோடு வீதியைக் கடக்கிற அம்மா வைக்கவில்லை. அவர்கள் சம்மதிக்காத ஆபத்தை அவர்கள் மேலே ஏற்ற எனக்கு என்ன உரிமை?"

இதைச் சொன்னபோது அவர் குரல் தழுதழுத்தது. காரணத்தைப் பின்னரே அறிந்தோம்.

சிதறிய கொழுந்து

1970களின் பிற்பகுதி. ரதல்லைப் பந்தயத்துக்கு முந்திய வாரம். அவர் தோட்டத்து வீதியொன்றில் பயிற்சி செய்துகொண்டிருந்தார். வீதியை எவரும் மூடவில்லை. மலையில் கொழுந்தெடுத்த பெண்கள் நிறுவைக்காக மடுவத்துக்கு இறங்கும் நேரம். வளைவில் ஒரு பெண். அவர் பிரேக்கைப் பிடித்தார், வண்டி சறுக்கிற்று, கைப்பிடி கூடையில் பட்டது. அந்தப் பெண்ணுக்குக் காயமில்லை. ஆனால் கூடை கானுக்குள் விழுந்தது. பகல் முழுவதும் பறித்த கொழுந்து சேற்றில் சிதறியது.

"அந்த அம்மா என்னைத் திட்டவில்லை, ஐயா. திட்டியிருந்தால் மறந்திருப்பேன். சிதறியதைப் பார்த்தார். 'தம்பி, இந்தக் கொழுந்தை இனி யாரு பேருல போடுவாங்க?' என்று மட்டும் கேட்டார்."

தோட்ட வழக்கை அறியாத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு நாள் வேலைக்கு ஒரு 'பேர்'. குறித்த நிறைக்குக் கொழுந்து பறிக்காவிட்டால் 'அரைப் பேர்'. அதாவது பாதிச் சம்பளம். அவர் சேற்றில் மண்டியிட்டு இலை இலையாகப் பொறுக்கினாராம். சேறு படிந்த கொழுந்தை மடுவத்தில் ஏற்கவில்லை. தம் கையிலிருந்த பணத்தை நீட்டினார். அந்தப் பெண் வாங்கவில்லை. மறுவாரம் அவர் ரதல்லையில் வெற்றி பெற்றார். கிண்ணத்தைக் கையில் வாங்கியபோது அந்தக் கேள்விதான் காதில் ஒலித்ததாம்.

"அதன் பிறகும் பந்தயம் ஓடினேன், மூடிய வீதியிலே மட்டும். திறந்த வீதியிலே அன்றிலிருந்து இன்றுவரை நான் எவரையும் முந்திப் போக அவசரப்பட்டதில்லை."

எமது மகன் கைப்பேசியை எப்போது சட்டைப்பைக்குள் வைத்தான் என்பதை நாம் கவனிக்கவில்லை.

முன்னே ஒரு மோட்டார் சைக்கிள்

பிரேக் ஆறி, சோதனையும் முடிந்தது. நுவரெலியாவில் தமக்கு ஒரு வேலை இருப்பதாகவும், தாம் முன்னே செல்ல நாம் பின்னே வரலாம் என்றும் முதியவர் கூறினார். வேலை உண்மையாகவே இருந்ததோ, எமது சாரதியின் மீது கொண்ட கவலையோ, அறியோம். பழைய பந்தய வீரர் முன்னே, வாலிபச் சாரதி பின்னே என்றால் யார் மெதுவாகச் செல்வார்? அன்று எம்மைக் கடந்து போகாத வாகனமே இல்லை. ஒரு முச்சக்கர வண்டி எம்மை முந்தியபோது பிள்ளைகள் வெட்கப்பட்டார்கள்.

ஆனால் அந்த வேகத்தில்தான் மலைநாடு எமக்குத் தன்னைக் காட்டிற்று. கொட்டகலைக்கு அப்பால் டெவன் நீர்வீழ்ச்சி வெள்ளி நூலாகத் தொங்கிற்று. லயன் வீடுகளின் முன்னே காய்ந்த சேலைகள், ஒரு முருகன் கோயிலின் சிறு கோபுரம், புளூகம் மரங்களின் நெடிய வரிசை என யாவும் வந்து, நின்று, எம்முடன் பேசிவிட்டுப் போயின.

சென்கிளேயர் நீர்வீழ்ச்சிக்கு எதிரே அவர் வண்டியை நிறுத்தினார். அதன் பழைய கம்பீரத்தை அறிந்தவர்கள் இன்று பெருமூச்சு விடுவர். தலவாக்கலையில் அணை கட்டப்பட்டு 2012இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலை நீர்மின் நிலையம் 150 மெகாவாட் ஆற்றல் உடையது; அதற்காக ஆற்றின் நீர் திசை திருப்பப்பட்டது. நீர்வீழ்ச்சிக்கென ஓரளவு நீரை விட்டுவைப்பது என்றும் ஏற்பாடு செய்யப்பட்டது.

"இதைப் பற்றித் தங்கள் அபிப்பிராயம் என்ன?" என்று கேட்டோம்.

"என் கராஜில் விளக்கு எரிகிறதே, ஐயா! மின்சாரத்தை அனுபவித்துக்கொண்டு அணையைத் திட்டுவது நியாயமில்லை. ஆனால் கொஞ்சம் நீரை மலைக்கு விட வேண்டும் என்று சண்டை பிடித்தார்களே, அவர்களுக்கும் கும்பிடு. யந்திரம் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளத்தான் பார்க்கும். இவ்வளவு போதும் என்று சொல்ல மனிதன் வேண்டும்."

தேயிலையையே அவர் உதாரணம் காட்டினார். பறித்த கொழுந்து தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ வாட வேண்டும். காற்றாடி வந்தது, மின்சாரம் வந்தது. ஆயினும் கொழுந்து தனக்குரிய நேரத்தை எடுத்தே வாடுகிறது. அவசரப்பட்டு உருளையில் இட்டால் இலை நொறுங்கும். சாயமும் மணமும் கெடும். "150 வருடத்துக்கு மேலே இந்த மலையிலே தேயிலை செய்கிறார்கள். அவசரப்படுத்தக்கூடிய வேலை எது, கூடாத வேலை எது என்று தொழிற்சாலைக்குத் தெரியும். மனிதருக்குத்தான் இன்னும் தெரியவில்லை."

நகரங்களில் உணவுப் பொட்டலம் சுமந்து மோட்டார் சைக்கிளில் பறக்கும் இளைஞர்களைப் பற்றியும் பேசினார். அவர்களில் மலையகப் பிள்ளைகளும் உண்டு என்றார். "பந்தயத்திலே கடிகாரத்தோடு நான் விரும்பி ஓடினேன். அந்தப் பிள்ளை வேறொருவருடைய கடிகாரத்தோடு ஓடுகிறது. கிண்ணமும் இல்லை, மூடிய வீதியும் இல்லை. சோறு பத்து நிமிடம் பிந்தினால் என்ன? ஆறிப்போகும்; அவ்வளவுதானே!" எமது இல்லாள் எம்மைப் பார்த்தார். உணவு தாமதித்ததற்காக அத்தகைய இளைஞர் ஒருவரிடம் நாம் சினந்து பேசியது முந்திய வாரத்தில்தான்.

ரதல்லை

லிந்துலையைக் கடந்து ரதல்லையை அடைந்தபோது பனிமூட்டம் இறங்கிவிட்டது. அங்கே பிரதான வீதியின் வளைவுகளைத் தவிர்த்துச் செல்லும் குறுக்கு வீதி ஒன்று உண்டு. செங்குத்தானது, தூரம் குறைவு. 2023ஆம் ஆண்டு ஜனவரி 20ஆம் திகதி மாலை, பாடசாலைச் சுற்றுலாப் பேருந்து ஒன்று அந்த வீதியில் ஒரு வானுடனும் முச்சக்கர வண்டியுடனும் மோதியதில் 7 உயிர்கள் பலியாயின. செய்தியை அன்று பத்திரிகையில் வாசித்துவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பியவர்கள்தாம் நாமும். இன்று அதே மலையில், பிள்ளைகளுடன், ஒரு வானில் இருந்தோம். சற்று முன்வரை கருகிய பிரேக்குடன்.

முதியவர் குறுக்கு வீதியின் பக்கம் திரும்பவில்லை. வண்டியை ஓரங்கட்டித் தலைக்கவசத்தைக் கழற்றிச் சில கணங்கள் நின்றார். தாம் கிண்ணம் வென்றதும் ஏழு பேர் உயிர் இழந்ததும் ஒரே மலையில் என்பதை அவர் சொல்லவில்லை, சொல்லத் தேவையுமில்லை. பிறகு நீண்ட வீதியிலேயே எம்மை அழைத்துச் சென்றார்.

6,000 அடிக்கு மேல் உயர்ந்த நுவரெலியாவில், அந்தி மயங்கும் வேளையில், மாகாஸ்தோட்டை வீதியைக் காட்டினார். பந்தயக் காலமன்று, ஆரவாரம் இல்லை. ஈரமான ஒரு சாதாரணத் தோட்டத்து வீதி. கூடைகளைத் தலையில் மாட்டிய பெண்கள் சிலர் பேசிச் சிரித்தபடி இறங்கி வந்தனர். முதியவர் எஞ்சினை நிறுத்தி, வண்டியை ஓரத்தில் சாய்த்து, அவர்கள் எல்லோரும் கடந்து போகும் வரை காத்திருந்தார். எமது சாரதியும் சொல்லாமலே எஞ்சினை நிறுத்தினார்.

விடைபெறும்போது, மின்சாரத்தால் ஓடும் மோட்டார் சைக்கிள்கள் பெருகுகின்றனவே, அவற்றை விரும்புவீரா என்று மகன் கேட்டான். "நிச்சயமாக, மகன். புகை இல்லை; மலைக்கு நல்லது. ஆனால் சத்தமும் இல்லை. வளைவுக்கு அப்பால் வருகிற வண்டியை இந்த அம்மாமார் காதாலேதான் பார்ப்பார்கள். ஆகவே அதை ஓட்டுகிறவன் இரண்டு மடங்கு கண்ணாலே பார்க்க வேண்டும்" என்றார். இருளில் அவருடைய சிவப்பு விளக்கு மெல்ல மெல்ல இறங்கிச் சென்றது. எஞ்சினின் ஒலியிலிருந்து அவர் எந்தக் கியரில் இறங்குகிறார் என்பதை எமது சாரதி சரியாகச் சொன்னார்.

2025 மே 11ஆம் திகதி, இறம்பொடைக்கு அருகே கெரண்டி எல்லையில் ஒரு பேருந்து பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்ட செய்தி வந்தது. அன்றிரவு அந்தச் சாரதி எம்மைத் தொலைபேசியில் அழைத்தார். செய்தியைப் பற்றி இருவரும் அதிகம் பேசவில்லை. "நான் இப்போதும் ஏறிய கியரிலேதான் இறங்குகிறேன், ஐயா. வீட்டிலே பிள்ளைகளிடம் சொல்லுங்கள்" என்றார்.

சொன்னோம். மகனுக்கு வயது வந்ததும் மோட்டார் சைக்கிள் வாங்கிக் கொடுப்பதாகவும் வாக்களித்திருக்கிறோம். அதற்கு முன் ஒரு மாதம் அட்டனுக்குச் சென்று, அந்தத் தகரக் கூரையின் கீழ் இருந்து, தான் ஏறப்போகும் யந்திரத்தின் ஒவ்வோர் ஆணியையும் அறிந்து வர வேண்டும் என்பது நிபந்தனை. நிபந்தனையை விதித்தவர்கள் நாமல்லர், மகனே கேட்டுக்கொண்டான்.